வீட்டுக்காரர் இருக்காரா?

சென்னைப் பேச்சில் ‘வீட்டுக்காரர்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். வீட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவர், கணவர் இன்னொருவர். ‘வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருக்கார்’ என்று ஒரு பெண் சொன்னால், யாரைச் சொல்கிறாள் என்று இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். பிளம்பரோ பெயிண்டரோ வாசலில் நின்று ‘வீட்டுக்காரர் இருக்காரா?’ என்று கேட்கும்போது மட்டும் இரண்டு பொருளும் ஒன்றாகிவிடுகின்றன. சொத்துக்கு உரியவர், கணவர், வேலையைப் பற்றிப் பேசத் தகுந்தவர் மூவரும் ஒரே ஆள் என்று அந்தக் கேள்வியே முடிவு செய்துவிடுகிறது.

மந்தைவெளியில் நானும் எழுபத்தாறு வயதான அம்மாவும் இருக்கும் 620 சதுர அடி வீட்டில் அப்படி ஓர் ஆள் இல்லை. அப்பா இறந்த பிறகு அண்ணன் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். நானும் எழுதிக் கொடுத்தேன். வீடு அம்மா பெயருக்கு வந்தது. பெரும்பாலான வீடுகளில் அப்படிப்பட்ட பத்திரத்தில் மகள் மட்டுமே கையெழுத்துப் போடுவாள் என்பதால், சார் பதிவாளர் அலுவலகத்தில் எங்களைக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் பார்த்தார்கள். ‘நான்தான் வீட்டுக்காரர்’ என்று அம்மா சொன்னால் வேலைக்கு வந்தவர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்புவார். ‘சார் நம்பர் குடுங்க மேடம், நான் பேசிக்கறேன்.’

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று சுயமரியாதை இயக்கம் செங்கல்பட்டு மாநாட்டில் தீர்மானம் நிறைவேற்றியது 1929 பிப்ரவரியில். அது இங்கே சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. 1989-இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்விகச் சொத்தில் மகளையும் பங்காளி ஆக்கியது. அதற்கு முன்பே மணமானவர்களுக்கு அந்த உரிமை இல்லை. 2005-இல் நாடு முழுவதற்கும் திருத்தம் வந்தது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. அந்தத் தொகைக்கு மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ தி.நகரிலோ வீடு கிடைக்காது. ஆனாலும் வரவேற்க வேண்டிய சலுகைதான்.

பத்திரத்தில் பெயர் ஏற இத்தனை காலம் போராடியிருக்கிறோம். பெயர் ஏறிய பிறகு என்ன ஆகிறது என்று அவ்வளவாகப் பேசியதில்லை. சுவரில் ஓதம் ஏறும்போது அது எங்கிருந்து வருகிறது, சரிசெய்ய என்ன ஆகும், யார் சொல்வதை நம்புவது என்று தெரியாத வீட்டில் நாம் பெயரளவில்தான் சொந்தக்காரர்கள்.

பெண்ணுக்கு இதெல்லாம் எப்போதுமே தெரியாமல் இருந்ததா? என் பாட்டி செய்யாறு பக்கத்துக் கிராமத்தில் மண் வீட்டில் வாழ்ந்தவள். சுவரில் வெடிப்பு விட்டால் செம்மண்ணும் வைக்கோலும் சேர்த்து மிதித்துக் குழைத்துத் தானே பூசுவாள். தரை மெழுகுவது, பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு அடிப்பது, கறையான் புற்றை இடிப்பது எல்லாம் அவள் வேலை. மண் எவ்வளவு புளித்தால் பூச்சு வெடிக்காது என்று அவளுக்குக் கை சொல்லும். அதை யாரும் கட்டடக் கலை என்று சொல்லவில்லை. வீட்டு வேலை என்றார்கள். இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்கும் முதல் முயற்சி 1904-இல் இதே சென்னையில்தான் நடந்தது. அந்தச் சாம்பல் பொடி கிராமம் வரை போய்ச் சேர்ந்தபோது, சுவர் பாட்டி கையை விட்டுப் போயிற்று. காசு கொடுத்து வாங்கும் பொருள், கூலி கொடுத்து அழைக்கும் ஆள் என்று ஆனதும் வீட்டைப் பழுது பார்ப்பது ஆண்களின் பேச்சுவார்த்தையாக மாறியது. பாட்டிக்கு மிஞ்சியது பெருக்குவதும் துடைப்பதும்.

நெடுநல்வாடையை ஒவ்வோர் ஆண்டும் பாடம் நடத்துகிறேன். நூல் பிடித்து, திசை பார்த்து, வல்லுநர்கள் அரண்மனையை வகுக்கும் பகுதி அதில் உண்டு. அவர்கள் கட்டிய அரண்மனைக்குள் அரசி துயரோடு காத்துக்கிடக்கிறாள். கொத்தனார் இன்றும் ‘நூல் புடி’ என்றுதான் சொல்கிறார். மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் காட்டுவதுபோல மனத்தின் கோணலை நூல் தீர்க்கும் என்று நன்னூல் பாயிரம் ஒப்பிடுகிறது. இரண்டு நூலுக்கும் ஒரே பெயர் வைத்த மொழியில், ஒரு நூலில் முனைவர் பட்டம் வரை போக எனக்கு வழி இருந்தது. இன்னொன்றின் நுனியைக்கூட எந்தப் பள்ளியும் கையில் கொடுத்ததில்லை. பையன்களுக்கும் பள்ளியில் கொடுக்கவில்லைதான். ஆனால் வீட்டில் வேலை நடக்கும்போது ‘போய்ப் பக்கத்துல நின்னு பாரு’ என்று அவர்களைத்தான் அனுப்புவார்கள். எங்களை டீ போடச் சொல்வார்கள்.

எங்கள் கட்டடம் 1988-இல் எழுந்தது. மூன்று தளம், பன்னிரண்டு வீடு. நாங்கள் இருப்பது மேல் தளம். நான்கு ஆண்டுகளுக்கு முன் சமையலறைச் சுவரில், கூரைக்கு ஓர் அடி கீழே, ஓதம் தெரிந்தது. வண்ணம் உரிந்து உப்புப் பூத்தது. மூன்று பேரை வரவழைத்துக் கேட்டேன். ஒருவர் மொட்டைமாடி முழுக்கத் தட்டோட்டைப் பெயர்த்து நீர்த்தடுப்புப் பூச்சு போட 2,40,000 ரூபாய் என்றார். இன்னொருவர் ஏதோ ரசாயனம் அடித்தால் போதும், 65,000 என்றார். மூன்றாமவர், பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துவிடலாம், இரண்டு வருடம் தாங்கும் என்றார்.

அம்மா இதற்கிடையில் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தாள். பால் கணக்கைக் காலண்டரில் குறித்தே பழகியவள். ஓதம் பரவிய எல்லையைப் பென்சிலால் சுற்றி வரைந்து, பக்கத்தில் தேதி போட்டுவந்தாள். வாரம் ஒரு கோடு. சுவர் ஊர் வரைபடம் மாதிரி ஆகிவிட்டது. ‘சுவத்த ஏம்மா இப்படிக் கிறுக்கி வெச்சிருக்கீங்க?’ என்றார் ரசாயனக்காரர்.

அந்தக் கிறுக்கலைப் படித்தவர் ஒரு சித்தாள். கீழ் வீட்டில் குளியலறைத் தரையை மாற்றிக்கொண்டிருந்த கொத்தனாரைச் சுவரைப் பார்க்க மேலே அழைத்திருந்தோம். அவரோடு வந்த அந்த அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். கொத்தனார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் தேதிகளைப் பார்த்தார். ‘சித்திரைல ஏம்மா இவ்ளோ பெருசாயிருக்கு? சித்திரைல எங்க மழ பேஞ்சுது?’ என்றார். பிறகு சுவரில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே நகர்த்தினார். ‘இதுக்குள்ள பைப்பு ஓடுதும்மா. டேங்க்லேர்ந்து வர்ற பைப்பு. அதான் வருசம் பூரா ஊறுது.’

உடைத்துப் பார்த்தபோது அப்படியே இருந்தது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து சுவருக்குள் இறங்கும் பழைய இரும்புக் குழாய், ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் முப்பது ஆண்டு ஊறி, இணைப்பில் இற்றுப்போயிருந்தது. அந்தக் குழாயை அடைத்துவிட்டு, வெளிச்சுவர் வழியாகப் புதிய பிளாஸ்டிக் குழாய் இறக்கினோம். பொருள், பிளம்பர், கொத்தனார், சித்தாள், பூச்சு எல்லாம் சேர்த்து 7,400 ரூபாய். 2,40,000 செலவு செய்திருந்தாலும் ஓதம் போயிருக்காது.

குறைந்த செலவில் வீட்டைப் பராமரிப்பது என்றால் மலிவான பொருள் வாங்குவது என்றுதான் நினைத்திருந்தேன். காரணத்தைத் தெரிந்துகொள்வதில்தான் சிக்கனம் இருக்கிறது. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை; பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் கொட்டிவிடுகிறது. அந்த மாதங்களில் மட்டும் ஓதம் வந்தால் மொட்டைமாடியையோ வெளிச்சுவரையோ சந்தேகிக்கலாம். கோடையிலும் காயாவிட்டால் பெரும்பாலும் குழாய். தரையிலிருந்து இரண்டு மூன்றடி ஏறி நின்றால் நிலத்தின் ஈரம். தொட்டியில் நீர்மட்டத்தை இரவில் குறித்து, எல்லாக் குழாயையும் மூடிவைத்து, காலையில் பார்த்தால் எங்கோ கசிகிறதா என்று காசில்லாமல் தெரிந்துவிடும். ஈரச் சுவர்மேல் எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் உரியும்.

கூரையில் காரை விழுவதும் இப்படித்தான். கான்கிரீட்டுக்குள் நீரும் கடற்காற்றின் உப்பும் போனால் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் பிளந்து விழும். கூரையைக் கோலால் தட்டினால் கெட்டியான இடம் கணீரென்றும் விட்டுப்போன இடம் பொள்ளலாகவும் ஒலிக்கும். ஐப்பசிக்கு முன் மொட்டைமாடியின் மழைநீர்க் குழாய் வாயில் அடைந்த சருகை அள்ளுவதற்கும், கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுப்பதற்கும் ஒரு ஆளின் அரைநாள் கூலி போதும். செய்யாமல் விட்டால் சில ஆண்டுகளில் அது லட்சக் கணக்காகிறது.

இதில் எதுவுமே ஆண்களுக்கு மட்டும் புரியக்கூடியதில்லை. பார்த்துக்கொண்டே இருப்பதும் மாற்றத்தைக் கவனிப்பதும் தேதி வைத்து நினைவில் கொள்வதும் பெண்கள் குழந்தையின் காய்ச்சலுக்கும் மாமியாரின் சர்க்கரைக்கும் செய்கிற அதே வேலை. அங்கே அதைப் ‘பராமரிப்பு’ என்று பெண்ணின் தலையில் கட்டுகிறோம். கட்டடம் என்று வரும்போது அதே சொல்லுக்குச் சாரைக் கூப்பிடுகிறோம்.

குழாய் வேலை முடிந்த அன்று கொத்தனாருக்கு 1,200 ரூபாயும் அந்த அக்காவுக்கு 700 ரூபாயும் கூலி. கட்டட வேலையில் உதவிக்கு வரும் ஆணுக்குப் பெரியாள் என்று பெயர். பெண்ணுக்குச் சித்தாள், அதாவது சிறிய ஆள். பெரியாள் சில ஆண்டுகளில் கரணை பிடிக்கக் கற்று, கொத்தனாராகி, மேஸ்திரியும் ஆகலாம். சித்தாள் இருபத்தைந்து ஆண்டுக்குப் பிறகும் பாண்டு சுமந்து கலவை எடுத்துக் கொடுக்கிறார். தொழிலாளர் சங்கங்கள் பல ஆண்டுகள் போராடி 1994-இல் தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்தது. மகப்பேறு உதவி, ஓய்வூதியம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் கரணையை வாரியம் கையில் கொடுத்துவிட முடியாது. கேரளத்தில் பெண்கள் கொத்து வேலை கற்று வீடுகள் கட்டியிருக்கிறார்கள். அகமதாபாத்தில் சேவா அமைப்பு, கட்டடத் தொழிலாளிப் பெண்களுக்குப் பயிற்சி தர கார்மிகா என்ற பள்ளியைத் தொடங்கியது. கற்றுக்கொடுத்தால் நடக்கும் காரியம்தான்.

‘பூச்சு வேலைய நீங்களே செய்யுங்களேன், கொத்தனார் கூலியே தர்றேன்’ என்று அந்த அக்காவிடம் தனியாகக் கேட்டேன். ‘செய்வேன்மா. எங்க வூட்ல நான்தான் பூசுனேன். ஆனா இங்க வேணாம். நாளைக்கு அவரு என்னைக் கூப்பிட மாட்டாரு’ என்றார். என்னிடம் ஒருநாள் வேலைதான் இருந்தது. அவருக்கு வேண்டியது வருடம் முழுக்க வேலை. அவர் கண்டுபிடித்ததற்கென்று தனியாகக் கொஞ்சம் பணம் கொடுத்தேன். அது கணக்கைச் சரிசெய்துவிடவில்லை.

இப்போது எங்கள் கட்டடத்தையே இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் பேச்சு நடக்கிறது. மந்தைவெளி, அடையாறு, தி.நகர் எங்கும் எண்பதுகளில் எழுந்த மூன்று மாடிகள் ஒவ்வொன்றாக விழுகின்றன. 2019 விதிகளின்படி தளப் பரப்புக் குறியீடு 1.5-இலிருந்து 2 ஆனது. அதே மனையில் கூடுதல் வீடுகள் கட்டி விற்கலாம். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்பினால் போதும். எங்கள் கணக்கில் எட்டு வீடு. பன்னிரண்டு உரிமையாளர்களில் ஐந்து பேர் பெண்கள். அதில் மூவர் கணவரை இழந்த முதியவர்கள். கூட்டத்துக்கு அவர்கள் சார்பில் மகனோ மருமகனோ வருகிறார்கள். கட்டி முடியும் வரை வாடகை தருவதாகக் கட்டுமானக்காரர் சொல்கிறார். ‘மூணு வருசம் ஆகும்ங்கறாங்க. திரும்பி வர்றதுக்கு நான் இருக்கணுமே’ என்கிறாள் அம்மா.

இடிப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பு ஒன்று இடிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. கட்டி முப்பது ஆண்டுகூட ஆகவில்லை. விரிசலைக் கவனித்துக் குடியிருந்தவர்கள் வெளியேறியதால் உயிர்கள் தப்பின. வீட்டின் நிலையை அறிவது, விட்டு வெளியேறவும் வேண்டும். ‘இன்னும் தாங்கும், நான் போக மாட்டேன்’ என்று சொல்லவும் வேண்டும். தெரியாதவர் இரண்டுக்கும் அடுத்தவர் வாயைப் பார்த்திருக்க வேண்டியதுதான்.

சென்ற மாதக் கூட்டத்துக்கு அம்மாவே போனாள். பன்னிரண்டில் ஒரு பங்கு அவளுடையது. அதோடு பென்சில் தேதிகளை எழுதிவைத்த நோட்டும் கையில் இருந்தது. கட்டடம் தாங்காது என்று ஒருவர் பேசியபோது, ‘எந்தத் தூண்ல விரிசல்? எப்பலேர்ந்து?’ என்று கேட்டாள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. முதலில் கட்டமைப்புப் பொறியாளரை வைத்துச் சோதிப்பது, செலவைப் பன்னிரண்டாகப் பிரிப்பது, அறிக்கை வந்த பிறகு பேசுவது என்று முடிவானது. இரண்டாம் தளத்து மாமி மறுநாள் காலை மாடி ஏறி வந்து, தன் வீட்டுக் கூரையிலும் ஒரு கறை இருப்பதாகவும், எந்த பென்சில் நன்றாக எழுதும் என்றும் கேட்டுப் போனார்.