ஒரு சொல்லும் ஒரு தேதியும்

ஜனவரி 5, 2025, ஞாயிறு

ஜொகூரில் ஞாயிறு விடுமுறை என்பதே இன்னும் பழகவில்லை. 2014 முதல் வெள்ளியும் சனியும்தான். இந்தப் புத்தாண்டோடு மாற்றிவிட்டார்கள். நாளைக்குத்தான் புது வேலையில் சேர்கிறேன்; அம்மா பழக்கத்தில் இன்றே என் சட்டையை இஸ்திரி போட்டுவிட்டார்.

"அது என்ன வேலடி, வக்கீலா?" என்றார் பாட்டி, எத்தனையாவது தடவையோ.

"இல்ல பாட்டி. சட்டம் போடுறவங்ககிட்ட போயி, இப்படிப் போடுங்கன்னு கேக்குற வேலை."

"கேட்டா போட்டுருவாங்களா?"

2022 மார்ச் 12 அன்று, பத்தொன்பது வயதில், ஜொகூர் சட்டமன்றத் தேர்தலில் நான் வாக்களித்ததே அப்படிக் கேட்டவர்களால்தான். தர்மா பிள்ளையும் கைரா யூஸ்ரியும் தொடங்கிய உண்டி18 இயக்கம் வாக்குரிமை வயதைக் குறைக்கச் சொல்லிக் கேட்டது. 2019 ஜூலை 16 அன்று மக்களவையில் 211 பேர் ஆதரித்தார்கள். பாட்டியிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். நடுவில் நடந்ததைச் சொல்லவில்லை.

ஜனவரி 6, திங்கள்

நடுவில் நடந்ததைத்தான் அக்கா முதல் நாளே எடுத்தார். (அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் அக்கா.) வாக்குரிமை வயதைக் குறைத்த அந்தத் திருத்தம் நிறைவேறியும் நடப்புக்கு வரவில்லை. கூச்சிங் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகு, 2021 டிசம்பர் 15 அன்றுதான் வந்தது.

"மசோதாவ கடைசிப் பக்கத்துலேருந்து படி. எந்தத் தேதியிலேருந்துன்னு பாரு."

மதியம் முழுக்க ஹன்சார்டு, அதாவது நாடாளுமன்ற விவாதப் பதிவுகள். தூக்கம் வந்தது.

ஜனவரி 9, வியாழன்

இன்று படித்தது குடியுரிமைத் திருத்தம். சென்ற அக்டோபர் 17 அன்று மக்களவையில் 206 பேர் ஆதரவோடு நிறைவேறியது. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு இதுவரை அப்பா மலேசியராக இருந்தால்தான் குடியுரிமை தானாக வரும். இனி, 'தந்தை' என்றிருந்த இடத்தில் பெற்றோரில் ஒருவராவது. அந்த ஒரு சொல்லுக்காகத் தாய்மார்கள் நீதிமன்றப் படியேறினார்கள், வருடக்கணக்கில். பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர் வந்துவிடும் எங்கள் ஊரில் இது எத்தனை வீட்டுக் கதை!

கண்டெடுக்கப்பட்ட குழந்தைகளைப் பாதித்திருக்கக்கூடிய பகுதியை, எதிர்ப்பு எழுந்ததால், 2024 மார்ச்சில் அரசு கைவிட்டது. இதுவரை படித்ததில் சந்தோஷம்தான்.

அதே மசோதாவில் இன்னொன்றும் இருக்கிறது. சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு, அதாவது நிரந்தரவாசிகளுக்கு, மலேசியாவில் பிறக்கும் பிள்ளைக்கு இனிமேல் குடியுரிமை தானாகக் கிடைக்காது. இரண்டு மூன்று முறை படித்தேன். பாட்டியும் தாத்தாவும் கூலாய்த் தோட்டத்தில் சிவப்பு அட்டையோடுதான் பால் வெட்டினார்கள். இந்த வரி அன்றைக்கே இருந்திருந்தால் அம்மாவுக்கு நீல அட்டை இல்லை.

"இத மட்டும் எதிர்த்து ஓட்டுப் போட்டிருக்கலாமே?"

"மூணாவது வாசிப்புல மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே ஓட்டு" என்றார் அக்கா. தாய்மார்களுக்காக அவர் எத்தனை உறுப்பினர்களின் கதவைத் தட்டினாரோ, அவர்கள் எல்லாரும் இதற்கும் சேர்த்தே கை தூக்கியிருக்கிறார்கள். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது, நான்காவது நாளிலேயே.

ஜனவரி 15, புதன்

பொங்கல் மயக்கம் தீரவில்லை. ஸ்கூடாயிலிருந்து ஒரு தாய் அழைத்தார். கணவர் தமிழ்நாட்டுக்காரர், சிங்கப்பூரில் வேலை. பையன் அங்கே பிறந்தவன், நான்கு வயது. குடிநுழைவுத் துறையில் அவன் தங்கும் அனுமதியைப் புதுப்பித்துப் புதுப்பித்து ஓய்ந்துபோயிருக்கிறார்.

"புதுச் சட்டம் வந்திருச்சாமே, தங்கச்சி?"

கடைசிப் பக்கம் ஞாபகத்துக்கு வந்தது. நிறைவேறிவிட்டது, இன்னும் நடப்புக்கு வரவில்லை என்றேன். வந்தாலும், அதன்பிறகு பிறக்கும் பிள்ளைகளுக்குத்தான் என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் பையன் ஏதோ பாடிக்கொண்டிருந்தான்.

"அப்ப இவனுக்கு?"

பழைய வழிதான்: அரசியலமைப்பின் பதினைந்தாவது பிரிவின்கீழ் விண்ணப்பம், காத்திருப்பு. பிறப்புச் சான்றிதழையும் திருமணப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே வரச் சொல்லியிருக்கிறேன்.