முன்னால் தூக்குமுன் பின்பாரம்

டென்மார்க்கிற்கு வந்த எம்மவர் பலருக்கு ஊரில் கற்ற தொழில் ஒன்றாகவும் இங்கு கிடைத்த தொழில் வேறொன்றாகவும் அமைந்தன. யூலண்ட் குடாநாட்டின் ஹேர்னிங், ஹொல்ஸ்ரபுரோ போன்ற நகரங்களில் குடியமர்ந்தவர்கள் தொழிற்சாலைகளிலும் துப்புரவுப் பணியிலும் பூந்தோட்டங்களிலும் இடம்பிடித்தனர். கரும்பலகையின் முன் நின்று பழகிய நாமும் ஒரு குடியிருப்புத் தொகுதியின் வெளிவேலைகளில் சேர்ந்து, குளிர்காலத்தில் பனி ஒதுக்கியும் கோடையில் மண்ணும் கல்லும் சுமந்தும் பல ஆண்டுகளைக் கழித்துள்ளோம்.

இவ்வேலைகளில் கைகொடுப்பது சிறிய உழவு இயந்திரம். பெயர்தான் உழவு இயந்திரம். இங்கு அது உழுவது அரிது. முன்னால் இரு இரும்புக் கைகளும் ஒரு வாளியும் பூட்டப்பட்டு, பனி தள்ளவும் மணல் அள்ளவும் கல் தூக்கவும் பயன்படுகிறது. இதனை டெனிஸ்காரர் 'ஃபுரொண்ட்லெசர்' என்பர். எம்மவர் 'லோடர்' என்றே சொல்கின்றனர். வன்னி வயல்களில் பெரிய மசி பேர்கசன்களைக் கண்ட எமது கண்களுக்கு இந்தச் சிறிய இயந்திரம் விளையாட்டுப் பொருளாகவே தோன்றும். ஆபத்து இத் தோற்றத்திலிருந்துதான் தொடங்குகின்றது. கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் உள்ளவர் இந்நாட்டில் உழவு இயந்திரத்தையும் ஓட்டலாம். ஆதலால், தனிப்பயிற்சி எதுவும் பெறாமலேயே பலர் அதில் ஏறி அமர்கின்றனர்.

நாம் இங்கு எழுத விரும்புவது ஒரேயொரு விடயம் பற்றி. முன்னால் பாரம் தூக்குவதற்கு முன்னர் பின்னால் பாரம் பூட்ட வேண்டும். டெனிஸ் மொழியில் இதற்குக் 'கொன்ட்ராவெக்ட்' என்று பெயர். பின்பாரம் என்று நாம் சொல்லலாம்.

நாம் கலைப் பட்டதாரி. பௌதிகம் கற்பித்தவர்கள் அல்லோம். எனினும் இதனை விளங்கிக்கொள்ளப் பௌதிக நூல் தேவையில்லை. யாழ்ப்பாணத்துக் கிணற்றடியை நினைத்துப் பார்த்தால் போதும். ஆடுகாலின் மேல் துலா கிடக்கும். ஒரு நுனியில் துலாக்கொடியும் பட்டையும். மறு நுனியில் கட்டிய கல். அந்தக் கல் இல்லாவிட்டால் நிறைந்த பட்டையை ஒரு கையால் மேலே கொண்டுவர இயலாது. தோட்டங்களுக்குப் பெருமளவில் நீர் இறைக்கையில் கல்லுக்குப் பதிலாக மனிதரே துலாவில் ஏறி, முன்னும் பின்னும் நடந்து மிதித்தனர். எமது தலைமுறை இக்காட்சியின் கடைசிக் காலத்தைத்தான் கண்டது.

லோடர் பூட்டிய உழவு இயந்திரமும் ஒரு துலாவே. அதன் ஆடுகால் முன் அச்சு. அச்சுக்கு முன்னே வாளியும் சுமையும்; பின்னே இயந்திரத்தின் உடலும் பின் சில்லுகளும் சாரதியும். முன்புறச் சுமை மிகுந்தால் பின் சில்லுகள் நிலத்தைவிட்டு எழும்.

சுமை மிகுவது கண்ணுக்குத் தெரிவதில்லை. 200 லீற்றர் கொள்ளும் ஒரு வாளியில் புதிதாக விழுந்த பஞ்சுப்பனியை அள்ளினால் 20 கிலோ அளவே நிறை இருக்கும். அதே வாளியில் ஈரமணலை நிரப்பினால் ஏறத்தாழ 400 கிலோ! நடைபாதைக்குப் பதிக்கும் 50 சென்ரிமீற்றர் சதுரமும் 5 சென்ரிமீற்றர் தடிப்பும் கொண்ட ஒரு சீமெந்துக் கல் 28 கிலோவுக்குக் குறையாது. அவ்வாறான 20 கற்கள் அடுக்கிய பலட் அரைத்தொன்னைத் தாண்டிவிடும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1.6 மீற்றர் தூரம் என்று கொள்க. முன் அச்சிலிருந்து 1.5 மீற்றர் முன்னே 400 கிலோ சுமை தொங்குகிறது. அப்போது முன் அச்சின் மேல் ஏறும் மேலதிக பாரம் 400 கிலோ அன்று; ஏறத்தாழ 775 கிலோ. எஞ்சிய 375 கிலோ எங்கிருந்து வந்தது? பின் சில்லுகளின் மேல் இருந்த பாரம் அவ்வளவால் குறைந்து முன்னே சென்றுவிட்டது. சிறிய இயந்திரம் ஒன்றுக்கு இது அற்பமன்று.

இனி, பின் அச்சுக்கு 1 மீற்றர் பின்னால் 300 கிலோ பின்பாரத்தைத் தொங்கவிடுவோம். முன் அச்சிலிருந்து அதன் தூரம் 2.6 மீற்றர். பாரத்தைத் தூரத்தால் பெருக்கினால் சுமையின் பக்கம் 600, பின்பாரத்தின் பக்கம் 780. துலா பின்பக்கம் நிலைத்து நிற்கும். அதே 300 கிலோவைப் பின் சில்லுகளிலேயே இரும்புத் தட்டுகளாகவோ ரயருக்குள் திரவமாகவோ சேர்த்தால் கணக்கு 480 மட்டுமே. மேலும், பின்னே தள்ளித் தொங்கும் பாரம் முன் அச்சிலிருந்து ஏறத்தாழ 187 கிலோவை இறக்கிவிடுகிறது. சில்லில் சேர்த்த பாரம் முன் அச்சுக்கு எந்த ஆறுதலையும் தராது. "ரயருக்குள் தண்ணி விட்டிருக்கு, பிறகு பாரம் எதுக்கு?" என்று கேட்பவருக்கு இதுவே விடை. இரண்டும் நல்லவையே, ஆயின் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. இந்நாட்டுக் குளிரில் ரயருக்குள் வெறும் நீர் உறைந்துவிடும். உறையாத கரைசலே விடப்பட வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்க.

நிற்க, பின்பாரத்தைத் தாங்கும் அந்த மூன்று புள்ளி இணைப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. வட அயர்லாந்தில் 1884இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஹரி பேர்கசன் என்பவரே அதனை உருவாக்கியவர். அக்காலத்தில் கலப்பை கல்லில் மாட்டினால் இயந்திரத்தின் முன்புறம் மேலெழுந்து, பின்னால் கவிழ்ந்து சாரதியை நசுக்கிவிடும். அதனைத் தடுப்பதும் அவரது நோக்கங்களில் ஒன்று. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றி நகரில் உற்பத்தியான அவரது சிறிய சாம்பல் நிற இயந்திரம் ஐந்து இலட்சத்துக்கும் மேல் விற்பனையாயிற்று. மசி பேர்கசன் என்ற பெயரின் பின்பாதி அவருடையதே. பின்னால் கவிழ்வதைத் தடுக்க எழுந்த அதே இணைப்பு இன்று முன்னால் கவிழாதிருக்கவும் உதவுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் வேலை செய்த இடத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எம்முடன் வேலை செய்த ஒரு தம்பி, லொறியிலிருந்து கற்கள் அடுக்கிய பலட் ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார். பின்பாரப் பெட்டி அன்று பூட்டப்படவில்லை. சைக்கிள் கொட்டகைக்கும் சுவருக்கும் இடையே திரும்புவதற்கு அது இடைஞ்சல் என்று யாரோ கழற்றிப் பின்புறம் வைத்திருந்தனர். பலட் லொறித்தட்டை விட்டு நீங்கியதும் பின் சில்லுகள் இரண்டும் ஒரு சாண் உயரம் எழுந்தன. ஓசை எதுவும் இல்லை. அருகில் நின்ற நாம் "தம்பி, திருப்பாதை! மெல்ல இறக்கு!" என்று கூவினோம். நல்லவேளையாக அவர் பதறவில்லை. சுமை மெல்ல இறங்கியது. சில்லுகளும் நிலத்தில் பதிந்தன.

இறங்கி வந்தவர், "உது சின்ன மெசின்தானே மாஸ்ரர், இப்பிடிச் செய்யும் எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார். அவருடைய கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. அவருக்கு இரண்டு பிள்ளைகள். அன்று மாலை வழமைபோல் இளைய பிள்ளையைப் பராமரிப்பு நிலையத்திலிருந்து அழைத்துவரச் சென்றார். அவ்வாறு செல்ல முடிந்தது என்பதே அன்றைய செய்தி.

அந்நேரத்தில் அவர் பக்கவாட்டில் திருப்பியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? சிறிய உழவு இயந்திரங்களின் முன் அச்சு நடுவில் ஓர் ஊசியில் ஆடுமாறு பொருத்தப்பட்டிருக்கும். மேடு பள்ளத்தில் நான்கு சில்லுகளும் நிலம் தொடுவதற்காக அந்த ஏற்பாடு. பக்கவாட்டில் சரியாமல் இயந்திரத்தை நிறுத்தி வைப்பவை பின் சில்லுகள் இரண்டுமே. அவை எழுந்துவிட்டால் முழு இயந்திரமும் அந்த ஒற்றை ஊசியின் மேல் நிற்கிறது. ஆகவே முன்னால் கவிழ்வதைவிடப் பக்கவாட்டில் சாய்வதையே அதிகம் அஞ்ச வேண்டும். மேலும், இவ்வகை இயந்திரங்கள் பலவற்றில் பிறேக் பின் சில்லுகளுக்கு மட்டுமே உண்டு. சரிவில் அவை இலேசாகிவிட்டால் பிறேக்கை மிதித்தும் பயனில்லை. சுமையோடு இறங்கும்போது நான்கு சில்லு இயக்கத்தை இட்டுக்கொள்வது அதனாலேயே. டென்மார்க் தட்டையான நாடு, அதன் மிக உயர்ந்த இயற்கை மேடே 170 மீற்றரைச் சற்றுத்தான் தாண்டும் என்று சமாதானம் கொள்ளலாகாது. கவிழ்வதற்கு மலை வேண்டியதில்லை. நிலக்கீழ் கராஜுக்கு இறங்கும் ஒரு சரிவுப்பாதை போதும்.

எனவே, வேலைக்குச் செல்லும் எம்மவர் சிலவற்றை மனத்தில் இருத்துதல் நன்று. எவ்வளவு பின்பாரம் வேண்டும் என்பதை இயந்திரத்தின் கைந்நூலும் லோடரின் கைந்நூலும் சொல்லும். குறைவும் தவறு, பின் அச்சும் இணைப்பும் தாங்கும் அளவைத் தாண்டுவதும் தவறு. 125 லீற்றர் கொங்கிறீட் ஏறத்தாழ 300 கிலோ நிறையுடையது. ஆகவே பின்பாரம் பெரிய பொருளாக இருக்க வேண்டியதில்லை. அதனைப் பூட்டிய பின் ஊசிகளும் கொளுக்கிகளும் விழுந்துள்ளனவா, பக்கச் சங்கிலிகள் இறுகியுள்ளனவா என்று பார்க்க வேண்டும். நிலத்தில் உரசாத அளவுக்குத் தாழ்வாகவே அதனை வைத்திருக்க வேண்டும். திரும்பும்போது பின்புறம் வெளியே வீசும் என்பதால் பிள்ளைகள் நடமாடும் முற்றங்களில் பின்னாலும் கண் இருத்தல் அவசியம்.

குளிர்காலத்தில் ஒரு நுட்பம் உண்டு. பின்னால் உப்புத் தூவும் கருவியைப் பூட்டிவிட்டு அதுவே பின்பாரம் என்று எண்ணுகிறோம். அதிகாலையில் நிறைந்திருக்கும்போது அது உண்மை. தூவத் தூவ அது குறைகிறது. முன்வாளியின் சுமை குறைவதில்லை. காலையில் பாதுகாப்பாகத் தூக்கிய அதே சுமை ஒன்பது மணிக்கு ஆபத்தாகலாம். நடைபாதைகள் காலை ஏழு மணிக்கு முன்னர் துப்புரவாக வேண்டும் என்ற அவசரத்தில் இது மறந்துபோகும்.

பின்பாரம் பூட்டியிருப்பினும் சுமையை உயர்த்தியபடி ஓடலாகாது. நிலத்துக்கு அண்மையாக, மெதுவாகக் கொண்டுசெல்ல வேண்டும். சாரதியின் பின்னே நிற்கும் இரும்பு வளைவை நிமிர்த்தி, ஆசனப்பட்டியை அணிந்துகொள்ள வேண்டும். இரண்டும் சேர்ந்தே உயிரைக் காக்கும். அண்டை நாடான சுவீடன், புதிய உழவு இயந்திரங்களுக்கு இத்தகைய பாதுகாப்பை 1959இலேயே கட்டாயமாக்கியது. தாழ்ந்த கூரைக்காக மடித்த வளைவை வெளியே வந்ததும் நிமிர்த்த மறத்தல் கூடாது.

இன்னுமொன்று. பாரம் போதவில்லை என்று பின்னால் ஆளை ஏற்றி நிறுத்துதல் ஒருபோதும் ஆகாது. துலாவில் மனிதன் ஏறிய காலம் கிணற்றடியோடு முடிந்துவிட்டது.

இவற்றைக் கேட்பது எமது உரிமையும் ஆகும். வேலைக்குத் தேவையான பயிற்சியையும் அறிவுறுத்தலையும் கொடுப்பது வேலை தருபவரின் கடமை என்று டெனிஸ் தொழிற்சூழல் சட்டம் கூறுகிறது. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களில் தொழிலாளரின் பிரதிநிதியும் இடம்பெறும் பாதுகாப்பு அமைப்பு ஒன்று இருக்க வேண்டும். 'அகதியாக வந்தவன், கேட்டால் வேலை போய்விடுமோ' என்ற தயக்கம் எம்மவரிடம் இன்னும் உண்டு. எமது இடத்தில் நாமும் அந்தத் தம்பியும் பிரதிநிதியிடம் சென்று பேசினோம். எவரும் கோபிக்கவில்லை. சைக்கிள் கொட்டகை ஒரு மீற்றர் தள்ளி வைக்கப்பட்டது. பெட்டி மீண்டும் இயந்திரத்தில் ஏறியது. கேட்பதற்கு அதிக மொழியறிவும் வேண்டியதில்லை. "வோர் எர் கொன்ட்ராவெக்டன்?" என்றால் 'பின்பாரம் எங்கே?' என்று பொருள். இந்த மூன்று சொற்களையும் மனனம் செய்துகொள்ளுங்கள்.

இப்பத்திரிகையை வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் வாசிக்கின்றனர் என்பதை அறிவோம். விடியுமுன் இருட்டில் வேலைக்குப் புறப்படும் கணவரிடமோ தகப்பனிடமோ கையுறை எடுத்தாயிற்றா, சாப்பாடு எடுத்தாயிற்றா என்று கேட்பது எமது வழக்கம். அதனோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: "பின்பாரம் பூட்டித்தானே தூக்குறனீங்கள்?"