யார் பேரும் வேணாம் சிஸ்டர்!

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். ஒரு தனியார் ஆஸ்பத்திரி வார்டுகள்ல நடக்கிற தப்புகளைப் பதிவு பண்ண ஒரு சாஃப்ட்வேர். ராத்திரி பகலா உட்கார்ந்து 42 கட்டங்களோட ஸ்க்ரீன் ரெடி பண்ணினேன். (எங்க ஹெச்.ஓ.டி.யே கை குடுத்தார்னா பார்த்துக்கோங்க!) மூணு வாரம் கழிச்சு டேட்டாபேஸைத் திறந்தா... பூஜ்யம். ஒரு தப்புகூட நடக்கலையாம். தங்கமான ஆஸ்பத்திரி!

நைட் டியூட்டி சிஸ்டர் ஒருத்தங்ககிட்ட அழாத குறையா கேட்டேன்.

"முதல் கட்டத்துலயே பேரும் ஐ.டி. நம்பரும் கேக்கறே. மறுநாள் மெமோ யாருக்கு வரும்? ராத்திரி ரெண்டு மணிக்கு 42 கட்டம் ரொப்பவா, பேஷன்ட்டைப் பார்க்கவா தம்பி?"

அப்புறம் குரலைத் தணிச்சு சொன்னாங்க. மருந்து கலக்க ஸ்டெரைல் வாட்டர்னு நினைச்சு, பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை எடுத்துட்டாங்களாம். ரெண்டும் ஒரே ட்ரே, ஒரே சைஸ். உடைக்கிறதுக்கு முன்னாடி லேபிளைப் படிச்சதால தப்பிச்சது ஓர் உயிர். அதை நீர்க்காம நேரா ரத்தக்குழாயில ஏத்தினா இதயமே நின்னுடும். இதை அவங்க யார்கிட்டயும் சொல்லலை.

"யார் பேரும் வராது. நான் சொல்லலாமா சிஸ்டர்?" லேசா தலையாட்டினாங்க.

விமானக்காரங்க இதுக்கு எப்பவோ வழி கண்டுபிடிச்சிருக்காங்க. 1974 டிசம்பர் 1. வாஷிங்டன் பக்கத்துல டி.டபிள்யூ.ஏ. 514 விமானம் மலையில மோதி 92 பேர் பலி. அதுக்கு ஆறு வாரம் முன்னாடி அதே இடத்துல, அதே குழப்பத்துல வேறொரு கம்பெனி விமானம் மயிரிழையில தப்பிச்சிருக்கு. அந்தக் கம்பெனி தன் பைலட்டுகளை மட்டும் எச்சரிச்சுட்டு விட்டுடுச்சு. 1976-ல புது ஏற்பாடு வந்தது. பைலட் எழுதற ரிப்போர்ட், தண்டிக்கிற அதிகாரிகளுக்குப் போகாது, நாசாவுக்குப் போகும். பேர் இருக்கிற துண்டைக் கிழிச்சு எழுதினவருக்கே திருப்பி அனுப்பிடுவாங்க!

ஸ்க்ரீனைத் தூக்கிப் போட்டேன். அரைத்தாள், மூணே கேள்வி: என்ன நடந்தது? எங்கே? மறுபடி நடக்காம இருக்க என்ன செய்யலாம்? மருந்து அறை வாசல்ல ஒரு பெட்டி.

சூப்பரின்டெண்டென்ட் ரூம்ல டெமோ. பொட்டாசியம் கதையைத்தான் உதாரணமா சொன்னேன்.

"எந்த நர்ஸ்?"

"சொல்ல முடியாது சார்."

"அப்ப ப்ராஜெக்ட்டும் முடியாது."

ஹெச்.ஓ.டி. என் காலை மிதிச்சார். எனக்கு நாக்கு வறண்டுடுச்சு. ஆனாலும் வாயைத் திறக்கலை. "வெளியே போ"ன்னுட்டார்.

நாலு நாள் கழிச்சு லேப்டாப்பை எடுத்துட்டு வரலாம்னு போனேன். பொட்டாசியம் தனி அலமாரியில, சிவப்பு லேபிளோட, பூட்டி இருந்தது. பெட்டியைத் திறந்தா கோழிக் கிறுக்கல்ல ஒரு சீட்டு: 'ஆறாம் நம்பர் பெட் ஆக்ஸிஜன் மீட்டர் ஒரு வாரமா சரியில்லை. பூட்டு போட்டதுக்கு தேங்க்ஸ்.'