பாதி கொடுத்தவன்

சூதாட்டத்தைப் போற்றுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் என்பதை நான் அறியாதவனுமல்லேன். ஆயினும், இணையவழிப் போக்கர் மேசையின் ஓர் இருக்கை எனக்குக் கற்பித்த பாடத்தை மறைப்பது நேர்மையாகாது எனக் கருதியே இதனை எழுதத் துணிந்தேன்.

ஊரில் அப்பப்பாவின் திண்ணையில் முந்நூற்றுநாலு ஆடிக் கடதாசி பழகியவன் நான். அங்கே தோற்றவனுக்குக் கிடைப்பது கேலி மட்டுமே. பல்கலைக்கழக விடுதிக்கு வந்த இரண்டாம் வருடத்திலேதான் போக்கர் எனக்கு அறிமுகமாயிற்று. ஆறுபேர் அமரும் மேசை. ஒவ்வோர் ஆட்டத்திலும் இருவர் தம் சீட்டைக் காணுமுன்னரே பணம் வைத்தல் வேண்டும். முதலாமவர் வைப்பது ‘ஸ்மோல் பிளைண்ட்’. அடுத்தவர் வைப்பது அதன் இருமடங்கான ‘பிக் பிளைண்ட்’. நான் ஆடிய மேசையில் இவை முறையே அமெரிக்க நாணயத்தில் 5 சதமும் 10 சதமும் ஆகும். ஒருவர் கொண்டு அமர்வது 10 டொலர். நம் கணக்கில் ஏறத்தாழ 3,000 ரூபா.

ஸ்மோல் பிளைண்ட் இருக்கையின் துன்பம் ஐந்து சதத்தோடு முடிவதில்லை. பொதுச்சீட்டுக்கள் விரிக்கப்பட்டபின் வரும் மூன்று சுற்றுக்களிலும் அவ்விருக்கையில் உள்ளவனே முதலிற் பேசவேண்டும். ஏனையோர் அவன் செய்வதைக் கண்டபின் தம் முடிவைச் செய்வர். அவனோ எவர் மனத்தையும் அறியாது பேசுகின்றான். கடைசி இருக்கையில் இருப்பவர் 25 சதமாக உயர்த்துகிறார் எனக் கொள்வோம். நடுவில் 40 சதம் உண்டு. நான் 20 சதம் சேர்த்தாற் போதும். மூன்றில் ஒரு பங்கு வெற்றிவாய்ப்பு இருப்பின் அது நட்டமன்று என்று கணக்குச் சொல்லும். ஆனால் முதலிற் பேசுபவனுக்கு அப்பங்கு முழுமையாகக் கைவருவதில்லை. பின்னால் இருக்கும் பிக் பிளைண்ட்காரர் மேலும் உயர்த்தலாம். மேசை நடத்துவோரும் வெல்லும் பணத்தில் தம் தரகை எடுத்துக்கொள்வர். ஆதலால், இத்தகைய சிறு மேசைகளில் ஒன்றில் மீண்டும் உயர்த்துக, அன்றேல் சீட்டை எறிக, வெறுமனே ஈடுகொடாதே என்பது தேர்ந்தோர் கூற்று.

நான் செய்ததோ வேறு. இராசாவும் ஏழும் வந்தால், ‘பாதி ஏற்கெனவே போட்டாயிற்றே’ என்று ஈடுகொடுப்பேன். இராசா விரியும், எதிராளியிடமும் இராசா இருக்கும், அதனருகே பெரிய சீட்டும் இருக்கும். ஒருநாள் என் பதிவுகளை எடுத்து நோக்கினேன். 12,000 ஆட்டங்களில் 2,000 தடவை அவ்விருக்கையில் இருந்துள்ளேன். இழப்பு 130 டொலர். ஒவ்வொரு தடவையும் சீட்டைப் பாராமலே எறிந்திருந்தால் இழப்பு 100 டொலராகவே இருந்திருக்கும். நான் சிந்தித்துச் சிந்தித்து ஆடியதற்குக் கொடுத்த விலை 30 டொலர்!

2019ஆம் ஆண்டில் நோம் பிரவுண், தூமாஸ் சாண்ட்ஹோம் ஆகியோர் ‘புளூரிபஸ்’ என்னும் கணினி நிரலைப் பற்றி எழுதிய ஆய்வுரையைப் பின்னர் படித்தேன். ஆறுபேர் ஆட்டத்தில் தேர்ந்த மானிடரை வென்ற நிரல் அது. எவரும் உயர்த்தாதவிடத்து வெறுமனே பிக் பிளைண்டுக்கு ஈடுகொடுத்தல் எந்த இருக்கைக்கும் நன்றன்று. ஸ்மோல் பிளைண்ட் மட்டுமே விதிவிலக்கு, ஏனெனில் அதன் பாதி முன்னரே உள்ளது என்பது அதன்வழி உறுதியாயிற்று. இதைக் கண்டதும் என் செயலுக்குச் சான்று கிடைத்ததென மகிழ்ந்தேன். அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. நிரலுக்கு அந்த ஐந்து சதம், இனிக் கொடுக்கவேண்டிய விலையைக் குறைக்கும் ஓர் எண், அவ்வளவே. எனக்கோ அது காப்பாற்றவேண்டிய என் உடைமை. வெளித்தோற்றத்தில் செயல் ஒன்றே, காரணங்கள் இரண்டு. ஒன்று முன்னே நோக்குகின்றது; மற்றையது பின்னே நோக்குகின்றது. பொருளியல் விரிவுரையில் ‘மூழ்கிய செலவு’ என்று குறிப்பெடுத்துப் பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். குறிப்பேட்டில் இருந்தது கைக்கு வரவில்லை.

ஏனைய இருக்கைகளில் ஈட்டியது போக எஞ்சிய நட்டம் 60 டொலர், ஏறத்தாழ 18,000 ரூபா. அது தையல் வேலை செய்யும் அக்கா என் செலவுக்கு அனுப்பிய பணம். அதனை மீட்டபின்பே அவரிடம் சொல்வதென்று எண்ணி, மீட்பதற்காகவே மேலும் சில இரவுகள் ஆடினேன். அப்போதுதான் உண்மை புலனாயிற்று. மேசைக்கு வெளியேயும் நான் அதே இருக்கையிலேயே அமர்ந்திருந்தேன். போட்ட பாதிக்காக மற்றப் பாதியையும் போட்டுக்கொண்டிருந்தேன்.

விடுமுறையில் ஊர் சென்று சொன்னேன். அக்கா தையலை நிறுத்தவில்லை. நெடுநேரம் கழித்து, “தம்பி, போனது போனதுதான். அதைப் பிடிக்கிறன் எண்டு இன்னும் போடாதை” என்றார். போக்கரின் ஒரு விதியையும் அறியாதவர் அவர்.

அன்றே கணக்கை மூடினேன். கடனில் 7,000 ரூபாவை மாலை வகுப்புக்கள் நடத்தித் தீர்த்துள்ளேன். மீதி இன்னும் இருக்கின்றது.