ஏலக்காட்டுச் சாலையில் கொழுக்குமலைக்கு

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

மலையைப் பற்றி எழுதப் புகுந்தால் 'எழில் கொஞ்சும்' என்று தொடங்குவது நம் மலரின் வழக்கம். நூலகத்தில் பழைய மலர்களைப் புரட்டிப் பார்த்தேன். ஊட்டி எழில் கொஞ்சியிருக்கிறது, கொடைக்கானல் கொஞ்சியிருக்கிறது, குற்றாலம் இரண்டு முறை கொஞ்சியிருக்கிறது. நானும் கொஞ்ச வைத்துவிடலாம். ஆனால் போடி வட்டாரத்திலிருந்து கல்லூரிக்கு வருகிற எங்களைப் போன்றோருக்கு, மேற்கே நீல நிறத்தில் நிற்கும் அந்த மலை முதலில் எழில் அன்று, வேலை. விடிவதற்கு முன்பே ஜீப்புகள் வரிசையாக முந்தல் வழியே போடிமெட்டு ஏறும். ஒவ்வொன்றிலும் தூக்குவாளியோடு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் எல்லை தாண்டி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கவும், களை வெட்டவும் போகிறவர்கள். மாலையில் அதே ஜீப்புகள் இறங்கும்.

அந்த ஜீப்புகளில் ஒன்றில் என் அம்மாவும் போகிறார். பதினாறு ஆண்டுகளாகப் போகிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவனே. ஒன்பதாம் வகுப்புக் கோடை விடுமுறையில், நானும் வேலைக்கு வருகிறேன் என்று ஒரு நாள் சொன்னேன். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏலக்காட்டு ஜீப்புல ஒன் காலு படக் கூடாது. பட்டுச்சுன்னா நான் இத்தன வருசம் ஏறி எறங்குனது அம்புட்டும் வீணு." அதனால் இருபது வயதாகியும், என் ஊரிலிருந்து நிமிர்ந்தால் தெரிகிற மலையில் முந்தல் சோதனைச் சாவடிக்கு மேல் நான் போனதே இல்லை!

சென்ற டிசம்பரில் பருவத் தேர்வு முடிந்ததும் நண்பர்கள் மூவர் கொழுக்குமலைப் பயணத் திட்டத்தோடு வந்தார்கள். ஒருவன் கம்பத்துக்காரன், வேதியியல். ஒருவன் சின்னமனூர், கணிதம். எடை சற்றுக் கூடுதல். மூன்றாமவன் எங்கள் ஊரிலேயே ஜீப் ஓட்டுநர் ஒருவரின் மகன். கொண்டை ஊசி வளைவு 17-ஐயும் உறக்கத்தில்கூடச் சொல்வான். தலைக்கு 600 ரூபாய். இரவல் மோட்டார் சைக்கிள் இரண்டு. சூரியநெல்லியிலிருந்து மேலே போகும் ஜீப்புக்கு வாடகை கொடுத்தால் எங்கள் மொத்தப் பணமும் அதிலேயே தீர்ந்துவிடும். ஆகவே அங்கிருந்து நடை.

அம்மாவிடம் கேட்டேன்.

"ஜீப்புல இல்லம்மா. பைக்குல போறோம்."

"எதுக்கு?"

"சும்மா பாக்க."

"அம்புட்டு ஒசரம் ஏறி, சும்மா பாத்துட்டு வருவீகளா?" என்று என்னையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு, "வேலைக்குன்னா விடமாட்டேன். பாக்கத்தான? போயிட்டு வா" என்றார்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். முந்தலைத் தாண்டியதும் சாலை மலையைச் சுற்றத் தொடங்கிவிட்டது. முன்னும் பின்னும் வேலை ஜீப்புகள். எங்கள் விளக்கொளி முன்னால் போகும் ஜீப்பின் பின்பக்கத்தில் விழும்போது, உள்ளே ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உறங்கும் முகங்கள் தெரியும். வளைவு வந்ததும் இருளில் மறையும். புலியூத்துப் பக்கம் மழை ஈரம் இன்னும் காயவில்லை. கீழே போடியின் விளக்குகள் சிதறிக் கிடந்தன. அழகுதான். ஆனால் கணித நண்பன் என் முதுகில் ஒட்டிக்கொண்டு வளைவுகளை எண்ணிய குரலில் அழகை இரசிக்கும் தொனி இல்லை.

போடிமெட்டில் தேநீர்க்கடை ஒன்றில் நிறுத்தினோம். அங்கே நின்றிருந்த ஜீப்பிலிருந்து, "டேய் தம்பி!" என்று ஒரு குரல். அம்மா!

வீட்டில் நான் பார்க்கிற அம்மா அதிகம் பேசாதவர். வேலை முடிந்து வந்தால் கால் நீட்டி உட்கார்வார், சமைப்பார், உறங்குவார். இங்கே இருந்தவர் வேறொருவர். ஜீப்பு முழுவதும் அவர் சொல்வதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. "இதான் அக்கா நம்ம பையன், பிசிக்ஸ் படிக்கிறான்" என்று என்னை இறக்கிக் காட்டுவதுபோல் எல்லாருக்கும் காட்டினார். "ஏப்பா, கீழ படிச்சது பத்தாதா, மேல வேற வந்துட்டியா?" என்றார் ஒரு பெரியம்மா. இன்னொருவர், "மதினி, ஒன் மகன் ஒன்னய மாதிரியே ஒல்லி" என்றார். இதற்கிடையில் அம்மாவின் செல்பேசி ஒலித்தது. எடுத்துத் தோட்டத்து மேற்பார்வையாளரோடு மளமளவென்று மலையாளத்தில் பேசத் தொடங்கினார். இன்றைக்கு எத்தனை ஆள், எந்தப் பாத்தி என்றெல்லாம் கணக்குப் பேசுகிறார் என்று மட்டும் புரிந்தது. என் அம்மாவுக்கு இன்னொரு மொழி தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கல்லூரி விண்ணப்பத்தில் 'பெற்றோர் கல்வித் தகுதி' என்ற இடத்தில் நான் கோடு போட்டிருந்தேன்.

எங்கள் நான்கு தேநீருக்கும் அவரே காசு கொடுத்தார். முந்தானையில் முடிந்திருந்த கல்லுப்பை ஒரு தாளில் மடித்துத் தந்தார். "அட்ட கடிச்சா பிச்சு எடுக்காத. உப்ப வையி, தானா விழுகும். வெயிலு சாயறதுக்குள்ள எறங்கிரு." ஜீப் கிளம்பிவிட்டது. பூப்பாறை வரை அதன் பின்னாலேயே போனோம். அங்கே அது ஒரு பக்கம் திரும்பியது. நாங்கள் சூரியநெல்லிக்கு வேறு பக்கம் திரும்பினோம்.

சூரியநெல்லியிலிருந்து மேலே ஏறக்குறைய 12 கிலோமீட்டர். பாதை என்று சொல்வதைவிடக் கற்களை யாரோ உருட்டிவிட்ட இடம் என்று சொல்லலாம். இருபுறமும் தேயிலை. முதல் ஒரு மணி நேரம் பாடிக்கொண்டு நடந்தோம். இரண்டாம் மணி நேரம் பேசிக்கொண்டு. அதன்பின் மூச்சு விட்டுக்கொண்டு மட்டும். கம்பத்து நண்பன் யானைச் சாணத்தைக் கண்டதும் நின்றுவிட்டான். அவன் பயத்தைக் குறை சொல்ல முடியாது. 2023 ஏப்ரலில் இந்தச் சின்னக்கானல் பகுதியில் பிடிக்கப்பட்டுப் பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன், அடுத்த மாதமே அவன் ஊர்த் தெருவில் நடந்து வந்தவன் அல்லவா! ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்த நாள்களை அவன் விவரிக்க, நாங்கள் இன்னும் நெருங்கி நடந்தோம். சாணம் காய்ந்ததுதான் என்று ஜீப் ஓட்டுநர் மகன் குச்சியால் கிளறிப் பார்த்துச் சொன்ன பிறகே நிம்மதி.

ஏற ஏறச் சில செய்திகள் பாடநூலிலிருந்து இறங்கி வந்து எதிரே நின்றன. போடியில் வாங்கிய உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் பையில் பந்துபோல் உப்பியிருந்தது. உள்ளே போடியின் காற்று. வெளியே மலையின் மெலிந்த காற்று. கடல் மட்டத்து அழுத்தத்தில் நான்கில் மூன்று பங்கைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் உச்சியில் இருக்கும் என்று நான் விளக்கினேன். "அப்ப நாலுல ஒரு பங்கு மூச்ச யார்கிட்டடா கடன் வாங்குறது?" என்றான் கணித நண்பன். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பதையும் சொல்ல இருந்தேன். பல் கிட்டியதால் சொல்லவில்லை.

முக்கால் தொலைவில் அவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சாதாரணப் பிடிப்பு அன்று. கல் மேல் உட்கார்ந்து கண்ணீர் விட்டுவிட்டான். மூடுபனி வேறு இறங்கி, பத்தடி தூரத்துத் தேயிலைச் செடியும் மறைந்தது. சுற்றுலாக்காரர்களோடு ஒரு ஜீப் உறுமிக்கொண்டு எங்களைக் கடந்து போனது. திரும்பிவிடலாம் என்றேன் நான். இன்னும் ஒரு மணி நேரம்தான் என்றான் ஜீப் ஓட்டுநர் மகன். இருவருக்கும் குரல் உயர்ந்தது. ஒன்றரை ஆண்டு நட்பில் அப்படி ஒருவரை ஒருவர் நாங்கள் முறைத்ததில்லை. "நீ வேணா போ, இவன நான் எறக்கிட்டுப் போறேன்" என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

அப்போது தேயிலைக்குள்ளிருந்து கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு பாட்டி, எங்கள் சண்டையைச் சட்டை செய்யாமல் நேரே அவன் காலைப் பிடித்து மேல்நோக்கி நீவிவிட்டார். "உப்புத் தண்ணி குடுங்க" என்றார். அம்மா அட்டைக்குக் கொடுத்த உப்பு தண்ணீரில் கரைந்தது. அரை மணியில் நண்பன் எழுந்து நின்றான். உப்பா, நீவலா, ஓய்வா? எது வேலை செய்தது என்று வேதியியல் மாணவனாலும் சொல்ல முடியவில்லை. அவனாகவே ஊன்றுகோல் ஒன்றை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். சண்டை போட்ட இருவரும் வாயைத் திறக்காமல் பின்னால் நடந்தோம்.

கொழுக்குமலை 7,000 அடிக்கு மேல். எட்டாயிரம் என்று சொல்வாரும் உண்டு. உலகிலேயே உயரமான தேயிலைத் தோட்டம் என்கிறார்கள். தைவானில் இதைவிட உயரத்தில் தேயிலை விளைகிறது என்று படித்திருக்கிறேன். ஆனாலும் சொந்த மாவட்டத்துப் பெருமையை அந்த இடத்தில் வைத்து மறுக்க மனம் வரவில்லை. ஆம், சொந்த மாவட்டம்தான்! கொழுக்குமலை தேனி மாவட்டத்து மண். ஆனால் வண்டிப் பாதை கேரளத்தின் வழியே மட்டும்தான் இருக்கிறது. நம் வீட்டு மாடிக்கு அடுத்த வீட்டுப் படிக்கட்டில் ஏறிப் போவது போல.

விளிம்பில் போய் நின்றோம். எதிரே ஒன்றும் இல்லை, வெண்மை மட்டும். பத்து நிமிடம் அப்படியே. பிறகு மேகம் நடுவில் கிழிந்தது. அப்பப்பா! காலடிக்குக் கீழே மலை செங்குத்தாக இறங்கி, கொட்டகுடிப் பள்ளத்தாக்காகி, அதற்கும் அப்பால் போடியின் சமவெளி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர் ஒரு விரல் நகத்துக்குள் அடங்கியது. யாரும் பேசவில்லை. கணித நண்பன்கூட.

அந்தப் பள்ளத்தாக்கில்தான் குரங்கணி இருக்கிறது. அங்கிருந்து இங்கே ஏறிவரும் ஒற்றையடிப் பாதையில் அம்மாச்சி இளம் வயதில் அரிசி மூட்டையைத் தலைச்சுமையாக ஏற்றி வந்ததாகச் சொல்வார். பக்கத்து மலையிலுள்ள டாப் ஸ்டேஷனுக்கு, 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போகும்வரை மூணாறிலிருந்து ரயிலே ஓடியது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கின. பெட்டிக்குக் கம்பிவடம், அம்மாச்சிக்குக் கழுத்து. இதே சரிவில்தான் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் மலையேற்றத்துக்கு வந்தவர்கள் சிக்கினார்கள். இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நான் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் ஒலி இரவெல்லாம் எங்கள் தெருவைக் கடந்தது. மேலிருந்து பார்க்கையில் அந்தப் புல்வெளி மிகவும் சாதுவாக இருந்தது. சென்னையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வந்த அவர்களும் 'சும்மா பார்க்க' வந்தவர்கள்தாம்.

தொழிற்சாலையில் பழங்கால இயந்திரங்கள் இன்னும் ஓடுகின்றன. வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்திச் சலிக்கிறார்கள். புளிப்பது என்பது தவறு, அங்கே நுண்ணுயிர் ஒன்றும் இல்லை, இலையின் நொதியால் நடக்கும் ஆக்சிஜனேற்றம்தான் என்று வேதியியல் நண்பன் விளக்கினான். அங்கிருந்த தொழிலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பேரு எதுவானாலும் நேரம் தப்புனா டீ கெட்டுரும் தம்பி" என்றார். ஆளுக்கொரு தேநீர் குடித்தோம். ஒரு சிறு பொட்டலம் தேயிலை வாங்கினேன். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. உடனே இறங்கினோம். இறக்கம் முழங்காலைக் கேள்வி கேட்டது என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பூப்பாறைக்கு வரும்போது இருட்டிவிட்டது. வேலை ஜீப்புகள் எப்போதோ இறங்கிப் போயிருந்தன.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வெந்நீரில் காலை வைத்துக்கொண்டிருந்தார். "மேலருந்து நம்ம தோட்டம் தெரிஞ்சுச்சா?" என்றுதான் முதலில் கேட்டார். மேகம் மறைத்துவிட்டது என்றேன். கொழுக்குமலைத் தேயிலையில் நானே தேநீர் போட்டேன். இதே தேயிலை மேலே வேறு சுவையாக இருந்தது என்றும், அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்றும் சொன்னேன். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறைகிறது. கொதித்துவிட்ட நீர் அதற்குமேல் சூடாவதில்லை.

அம்மா தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப பருப்பு?"

"பருப்பு வேக நேரமாகும்மா."

"நீ கைப்பிள்ளயா இருக்கயில, பூப்பாறைக்கு மேல ஒரு தோட்டத்துல தங்கி வேல பாத்தோம். பருப்பு வேகவே வேகாது. வெறகு ஈரம்னு ஒங்கப்பன நெதம் வைவேன். பாவம், அந்த மனுசன் வெறக வெயில்ல காயவச்சு காயவச்சு எடுத்தாருவாரு." கொஞ்ச நேரம் சிரித்தார். "அதுக்குத்தான் குக்கரா?"

ஆமாம் என்றேன். உள்ளே ஆவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலையும் ஏறும் என்று, செம்மண் தரையில் கரித்துண்டால் படம் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை கேட்டுக்கொண்டார். மறுநாள் ஜீப்பில் போடிமெட்டு போய்ச் சேரும்வரை இதுதான் பேச்சாம். அந்தப் பெரியம்மாவின் மகள் மலைமேலே லயத்தில் குடியிருக்கிறாள். அவளுக்குப் பொங்கலுக்குச் சேலை வேண்டாம், குக்கர் வாங்கிக் கொடுப்பது என்று ஜீப்புக்குள்ளேயே முடிவாகிவிட்டதாம்.