வங்கிக் கதவு அடைபட்டால் வயல்காரர் பணம் என்னாகும்?

2020 நவம்பர் 17. தீபாவளி முடிந்து மூன்றாம் நாள். கரூரில் 1926-ம் ஆண்டு தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கிக்கு அன்று மாலை மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. டிசம்பர் 16 வரை, ஒருவருக்கு எத்தனை கணக்கு இருந்தாலும் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. மருத்துவம், படிப்பு, கல்யாணம் போன்ற அவசரங்களுக்கு மட்டும் அனுமதி வாங்கி மேற்கொண்டு எடுக்கலாம்.

கார்த்திகை பிறந்திருந்த நேரம். கொடிக்காலுக்குக் கூலி கொடுக்க வேண்டியவரும், முகூர்த்தத்துக்கு நாள் குறித்தவரும், வாழைத்தார் விற்ற பணத்தை முந்தின வாரம்தான் கட்டியவரும் ஒரே கேள்வியோடு நின்றார்கள்: ‘போட்ட பணம் வருமா, வராதா?’ தொழிலதிபருக்கு நாலு வங்கியில் கணக்கு இருக்கும். ஒரே பாஸ்புக்கை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு 10 நாள் என்பதே ஒரு போகம் மாதிரி.

நல்லவேளை, நவம்பர் 27-ல் அந்த வங்கி டி.பி.எஸ். வங்கியோடு இணைந்தது, கட்டுப்பாடும் நீங்கியது. டெபாசிட் போட்டவர்கள் ஒரு ரூபாயும் இழக்கவில்லை. ஆனால், ‘நம்ம ஊர் வங்கி’ என்று பங்கு வாங்கி வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பங்குகள் முழுவதும் ரத்தாகின. டெபாசிட் வேறு, பங்கு வேறு என்பதை அந்த 10 நாள் பாடமாகச் சொல்லிக் கொடுத்தது.

எல்லா வங்கிக்கும் இப்படி ஆள் வந்து கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. அதற்காகத்தான் டெபாசிட் காப்பீடு இருக்கிறது. ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு. 2020 பிப்ரவரிக்கு முன்பு இது 1 லட்சம்தான். பணம் எடுக்கத் தடை வந்தால், பொதுவாக 90 நாள்களுக்குள் காப்பீட்டுத் தொகை கிடைக்க 2021-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில் போட்டாலும் கணக்கு ஒன்றுதான். வேறு வங்கியில் போட்டால் தனி 5 லட்சம்.

அடகு வைத்த நகை? அது வைத்தவருக்கே சொந்தம். வங்கி கைமாறினாலும் கடனைக் கட்டி மீட்டுக்கொள்ளலாம். வாங்கிய பயிர்க்கடனும் தள்ளுபடி ஆகாது.

கூட்டுறவில் போட்ட பணம்? மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கிக்கு இந்தக் காப்பீடு உண்டு. ஊரிலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குக் கிடையாது. சீட்டு, நிதி நிறுவனங்களுக்கும் கிடையாது.

விதைநெல் முழுவதையும் ஒரே குதிரில் கொட்டி வைக்காத குடும்பங்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பணத்துக்கும் அதே கணக்குதான்.