பேரருவியில் ஒரு குரல்

தென்காசிக்காரனான எனக்கு ரேடார் பாடம் குற்றாலத்தை வெச்சுதான் புரிஞ்சது. சீசன்ல புலியருவியில் கூப்பிட்டா உங்க ஃப்ரெண்ட் திரும்பிப் பார்ப்பான். அதே குரல் பேரருவியில் எடுபடுமா? இன்னும் கத்தணும்!

ரேடாருக்கு அந்த இரைச்சல், கடல் அலை. அலையில் பட்டும் சிக்னல் திரும்புறதால சின்னப் படகு அதுக்குள்ள மறைஞ்சிடும். 'சீஃபார்'ங்கிற முறை, சுத்தியிருக்கிற இரைச்சலை அளந்து, அதைவிடத் தூக்கலா தெரியுறதை மட்டும் பிடிக்கும். வரம்பைக் கூட்டினா படகு விட்டுப்போகும். குறைச்சா அலையெல்லாம் படகாயிடும்! அலை உடைஞ்சு காணாமப் போகும், படகு நிக்கும். அதனால பல சுற்று பார்த்துத்தான் முடிவெடுக்கணும்.

2008-ல் மும்பையைத் தாக்கிய 10 பேர் வந்தது கடல்வழியா. 2017 ஒக்கி புயலில் நம்ம குமரி மீனவர்கள் சிக்கினதும் கடல்லதான். பிடிக்கவேண்டிய படகும் காப்பாத்தவேண்டிய வள்ளமும் திரையில் ஒரே மாதிரி குட்டிப் புள்ளி. சிக்னல் பிராசஸிங் போரடிக்குதா பாஸ்? அந்தப் புள்ளியில் ஆள் இருக்காங்க!